ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'ஸ்பிளைஸ் கோளாறு': அப்பாவுக்கு வந்த ஈரல் நோய் எனக்கும் வருமா?

இந்த முறை கொங்குப் பக்கத்து வாசகி ஒருவரின் கடிதம். பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. அப்பா இருபது வருடச் சர்க்கரை நோயாளி, பீடி சிகரெட் குடி எதுவும் கிடையாது. 61 வயதில் ரத்த வாந்தி எடுத்து, கல்லீரல் சுருக்கம் என்று சொல்லி, ஒன்பதாவது நாள் போய்விட்டார். "குடிக்காதவனுக்கு எப்படி ஈரல் போகும், நமக்குத் தெரியாமல் குடித்திருப்பான்" என்று துக்கம் கேட்க வந்தவர்களே பேசினார்களாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார். போன வருடம் வாசகிக்கே வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று வந்தது. பயந்துபோய் ஆன்லைனில் எச்சில் மாதிரி அனுப்பி ஜீன் டெஸ்ட் செய்திருக்கிறார். ரிப்போர்ட்டில் இரண்டு வரி சிவப்பு: ஒன்று பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் 'இரண்டு பிரதியிலும் ஆபத்து வகை', இன்னொன்று எச்எஸ்டி17பி13 என்ற மரபணுவில் 'ஒரு பிரதியில் ஸ்பிளைஸ் வேரியன்ட், லாஸ் ஆஃப் ஃபங்ஷன்'. அதற்கப்புறம் மூன்று மாதம் ராத்திரியெல்லாம் யூடியூப். ஈரல் நோய்க்கெல்லாம் மூல காரணம் ஆர்என்ஏ ஸ்பிளைசிங் கோளாறுதான் என்று ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறார். கேள்விகள்: இந்த ஸ்பிளைசிங் கோளாறு எனக்கு எவ்வளவு முற்றியிருக்கிறது, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா? குழந்தைகளின் தசை நோய்க்கு ஸ்பிளைசிங்கைச் சரிசெய்யும் ஊசி இருக்கிறதாமே, அது எனக்குக் கிடைக்குமா? 19 வயது மகளுக்கும் இதே டெஸ்ட் எடுக்கலாமா, எடுத்தால் கல்யாணத்தின்போது சொல்ல வேண்டுமா? ரத்த ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறார். கொழுப்பு மாத்திரையை 'ஈரலைக் கெடுக்கும்' என்று தானாக நிறுத்திவிட்டு, இன்ஸ்டாகிராமில் பார்த்த 'லிவர் டீடாக்ஸ்' பொடி சாப்பிடுகிறார். ஒரு வரியில், போகிற போக்கில், 38 வயதுத் தம்பி வார இறுதியில் 'கொஞ்சம்' குடிப்பார் என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வார்டில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் படுத்திருந்தார். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முதல் கேள்வி, எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்பது. கேட்டேன், இல்லை என்றார். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த அம்மா டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, "சார், அவர் காப்பிகூடக் குடிக்க மாட்டார்" என்றார். கேஸ் ஷீட்டில் பதினைந்து வருடச் சர்க்கரை நோய் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். குடிக்காதவருக்கும் சிரோசிஸ் வரும். சர்க்கரையும் இடுப்புக் கொழுப்பும் சேர்ந்தால் இருபது முப்பது வருடத்தில், சத்தமே இல்லாமல், ஈரல் தழும்பாகிக் கடைசியில் ரத்த வாந்தியில்தான் வெளியே தெரியும். இந்த நோய்க்கு 2023இல் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்று வைத்தார்கள். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். வந்து பேசிய சொந்தக்காரர்களுக்கும் காட்டலாம், உங்கள் இஷ்டம்.

முதலில் இந்த ஸ்பிளைசிங் என்னவென்று பார்ப்போம்

கல்யாண வீடியோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை எடுத்துத் தள்ளுகிறார். அதில் பாதி நாற்காலியும் பந்தலும்தான். உட்கார்ந்து வெட்டி ஒட்டினால்தான் அது வீடியோ. பெண் வீட்டுக்கு ஒரு மாதிரி வெட்டுவார், மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு மாதிரி. எடுத்த படம் ஒன்றுதான், கையில் கிடைப்பது இரண்டு. நம் செல்லும் அதைத்தான் செய்கிறது. மரபணுவிலிருந்து முதலில் ஒரு நீளமான ஆர்என்ஏ நகல் எடுக்கிறது. அதில் தேவையில்லாத இடைத்துண்டுகளை வெட்டி எறிந்து, தேவையான துண்டுகளை ஒட்டுகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலைக்குப் பெயர் ஸ்பிளைசிங். எந்தத் துண்டைச் சேர்ப்பது எதை விடுவது என்பதை இடத்துக்கு ஏற்ப மாற்றினால் அது மாற்று ஸ்பிளைசிங். 1977இல் சளிக் காய்ச்சல் தரும் அடினோ வைரஸை ஆராய்ந்தபோது ரிச்சர்ட் ராபர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள், 1993இல் நோபல் பரிசு வாங்கினார்கள். மனிதனிடம் இருப்பது சுமார் 20,000 புரத மரபணுக்கள். அவற்றில் துண்டு துண்டாக இருப்பவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் வெட்டி ஒட்டப்படுகின்றன.

ஆக, 'எனக்கு மாற்று ஸ்பிளைசிங் இருக்கிறது' என்றால், எனக்கு மூச்சு வருகிறது என்று சொல்கிற மாதிரிதான். ஈரலிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி ஒன்று செல்லின் மேலே இருக்கிறது. அதன் 11ஆவது துண்டு வெறும் 12 அமினோ அமிலம் நீளம். கருவில் இருக்கும்போது செல் அந்தத் துண்டை விட்டுவிட்டு ஒட்டும், அது வளர்ச்சிக்கான வடிவம். பெரியவர்களின் ஈரல் அந்தத் துண்டைச் சேர்த்து ஒட்டும், அது சர்க்கரையைக் கையாளும் வடிவம். இந்தத் தேர்வு ஒழுங்காக நடப்பதால்தான் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்கிறது. ஈரல் புற்றுநோயில் அது மறுபடி கருக்கால வடிவத்தின் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற நல்ல செய்தி

இப்போது அந்த இரண்டாவது சிவப்பு வரிக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் மூன்று மாதம் தூங்காமல் இருந்தது அதனால்தான், அந்த வரியை நீங்கள் நேர்த் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

எச்எஸ்டி17பி13 என்பது ஈரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு என்சைம். உங்களிடம் இருக்கும் வகையில், அந்த மரபணுவின் 6ஆவது துண்டு முடிந்து வெட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், 'ஏ' என்ற ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்திருக்கிறது. கத்தரி வைக்க வேண்டிய இடம் அதனால் ஓர் எழுத்து தள்ளிப் போகிறது. மரபணு மொழியை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிப்பார்கள். மூன்று மூன்று பேராகக் கூட்டுச் சேர்த்து உட்கார வைத்த பந்தியில் நடுவில் ஒருவர் புகுந்தால், அவருக்கு அப்புறம் இருக்கிற அத்தனை பேர் கூட்டும் மாறிவிடும் இல்லையா, அதுதான் நடக்கிறது. புரதம் பாதியில் நின்றுபோகிறது, நிலைக்காமல் சிதைகிறது. 'லாஸ் ஆஃப் ஃபங்ஷன்' என்றால் இதுதான், அந்த என்சைம் வேலை செய்யவில்லை.

அந்த என்சைம் வேலை செய்யாமல் போனால் ஈரலுக்கு நல்லது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவமனைக் குழுமமும் ரீஜெனரான் நிறுவனமும் சேர்ந்து 46,544 பேரின் மரபணுவை அவர்களது மருத்துவப் பதிவுகளோடு வைத்துப் பார்த்து, 2018 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். இந்தக் கூடுதல் எழுத்து ஒரு பிரதியில் இருந்தவர்களுக்குக் குடி சாராத கொழுப்பு ஈரல் நோய் 17 சதவீதமும், அதனால் வரும் சிரோசிஸ் 26 சதவீதமும் குறைவு. இரண்டு பிரதியிலும் இருந்தால் 30, 49. இன்னொன்றையும் பார்த்தார்கள்: ஈரலில் கொழுப்பு சேர்வதை இது தடுக்கவில்லை, சேர்ந்த கொழுப்பு புண்ணாகி அடுத்த கட்டத்துக்குப் போவதைத்தான் தடுக்கிறது. பிஎன்பிஎல்ஏ3 ஆபத்து வகை உள்ளவர்களிடமும் அதன் சேதத்தை இது ஓரளவு தணித்தது. உங்கள் இரண்டு சிவப்பு வரியும் அப்படியே அந்த ஆய்வில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன.

அந்த டெஸ்ட் கம்பெனிக்காரர்கள் 'செயலிழப்பு' என்று கணினி கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு அடித்துவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. பச்சை அடித்திருக்க வேண்டிய வரி. அதற்காக இதைக் கவசம் என்று நினைத்துக் காலாட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர், உங்களிடம் இருப்பதும் ஒரு பிரதிதான்.

அந்த முதல் சிவப்பு வரி

பிஎன்பிஎல்ஏ3 விஷயத்தை நான் பூசி மெழுகப் போவதில்லை, அது நிஜமான ஆபத்து வகைதான். ஆனால் அதற்கும் ஸ்பிளைசிங்குக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே வெட்டு ஒட்டெல்லாம் சரியாகவே நடக்கிறது. புரதத்தின் 148ஆவது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 2008இல் டாலஸ் நகரத்து ஆய்வில் கண்டுபிடித்தது. கொழுப்புத் துளியைக் கரைக்கிற வேலை இதனால் மந்தமாகிறது.

நீங்கள் எழுதியிருக்கும் 'அப்பா கொடுத்த சாபம்' என்ற வார்த்தையை மட்டும் திருத்துகிறேன். இரண்டு பிரதியிலும் இருக்கிறதென்றால் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. அம்மாவுக்கு எழுபது தாண்டியும் ஈரல் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் உடம்பிலும் இந்த எழுத்து இருக்கிறது. அப்பாவுக்குக் கூடுதலாக இருந்தது இருபது வருடச் சர்க்கரை.

ஸ்பிளைசிங் கோளாறுதான் ஈரல் நோய்க்கு மூல காரணமா?

அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது ஆபத்து. வெட்டி ஒட்டும் வேலையை மேற்பார்வை பார்க்கும் புரதங்கள் சில உண்டு. அதில் எஸ்ஆர்எஸ்எஃப்3 என்று ஒன்று. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு குழு 2019இல் காட்டியது: கொழுப்பு ஈரலிலும், அழற்சி வந்த ஈரலிலும், சிரோசிஸ் ஈரலிலும் இந்தப் புரதம் குறைந்துபோயிருக்கிறது. எலியின் ஈரல் செல்லிலிருந்து இதை எடுத்துவிட்டால் தழும்பும் பிறகு புற்றுநோயும் வருகிறது. சரி, அது ஏன் குறைகிறது? பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அதிகமாகும்போது செல் இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. உடனே பாமாயில் டின்னைத் தூக்கி எறியக் கிளம்பாதீர்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சும்போது நம் ஈரல் தானே உட்கார்ந்து செய்கிற கொழுப்பும் இதே பால்மிடிக் அமிலம்தான்.

அதாவது கொழுப்பு முதலில் வருகிறது, வெட்டி ஒட்டுவதை மேற்பார்வை பார்க்கும் எடிட்டர் அதனால் தடுமாறுகிறார், தடுமாறிய எடிட்டர் செய்கிற தப்பான வெட்டுகளால் சேதம் இன்னும் கூடுகிறது. இது சுழல். இதில் ஸ்பிளைசிங்கைத் தனியாகப் பிடித்து 'மூலம்' என்று சொல்ல முடியாது. குடியால் ஈரல் கடுமையாக வீங்கியவர்களில் ஈஎஸ்ஆர்பி2 என்ற இன்னொரு மேற்பார்வையாளர் குறைந்துபோய், முதிர்ந்த ஈரல் செல் கருக்கால வெட்டுமுறைக்குத் திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இதே திரும்புதலை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் காயப்பட்ட எலி ஈரலிலும் பார்த்தார்கள், அங்கே அது ஈரல் மறுபடி வளர்வதற்கான ஏற்பாடு. கொஞ்ச நாள் குழந்தையாகி, வளர்ந்து, பழையபடி பெரியவராக வேண்டும். காயம் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால்தான் அது குழந்தைத்தனத்திலேயே மாட்டிக்கொள்கிறது.

ஸ்பிளைசிங் வெட்டே நேரடியாகப் பழுதாகி வருகிற ஈரல் நோயும் உண்டு. செம்பு சேரும் வில்சன் நோயில் சிலருக்கு ஏடிபி7பி மரபணுவின் வெட்டும் இடத்திலேயே பிழை இருக்கும். அது பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டும். உங்கள் வீட்டுக் கதை அந்த மாதிரி இல்லை.

டெஸ்ட், ஊசி

ரத்தத்தில் எடுத்தால் ரத்தச் செல்லின் ஸ்பிளைசிங்தான் தெரியும், ஈரலுடையது தெரியாது. ஈரலுடையது வேண்டுமென்றால் பயாப்ஸி ஊசி போட்டுத் துண்டு எடுக்க வேண்டும். அதிலும் வருவது மொத்த ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, கூடவே ரத்தக் கசிவு அபாயம். எடுத்து ஆர்என்ஏவைப் படித்தாலும் அதை வைத்து உங்களுக்கு ஒரு மாத்திரையைக்கூட நான் மாற்றி எழுதப் போவதில்லை. எனவே வேண்டாம். யாராவது 'ஆர்என்ஏ லிவர் ப்ரொஃபைல்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட ஊசி நுசினெர்சன். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதுகுத்தண்டு நீரில் போடுவது. எஸ்எம்என்2 என்ற மரபணுவில் விடுபட்டுப்போகும் 7ஆவது துண்டைச் சேர்த்து ஒட்ட வைக்கும், குழந்தைகளின் அந்தத் தசை நோய்க்கு அது பெரிய வரம். அதற்கும் ஈரல் கொழுப்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மருந்து கம்பெனிகள் ஈரல் நோய்க்கு இப்போது சோதித்துப் பார்க்கும் ஊசிகளில் ஒரு வகை, எச்எஸ்டி17பி13இன் ஆர்என்ஏவையே அழித்து அந்த என்சைமை வாயடைக்கப் பார்க்கிறது. உங்களுக்குப் பிறக்கும்போதே ஒரு பிரதியில் இலவசமாகக் கிடைத்ததை அவர்கள் சிரிஞ்சில் அடைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் அதைச் 'சரிசெய்ய' ஊசி கேட்கிறீர்கள்!

ஈரல் தழும்பு நடுத்தர அளவுக்கு வந்தவர்களுக்கு ரெஸ்மெடிரோம் 2024இலும், செமாகுளூடைட் 2025இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கின்றன. இரண்டும் ஸ்பிளைசிங் மருந்து இல்லை. உங்களுக்குத் தழும்பு இருக்கிறதா என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு அது.

அளக்க வேண்டியது தழும்பை

ஸ்கேனில் வரும் கிரேடு 2 என்பது கொழுப்பின் அளவு. தழும்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. கிரேடு 3 இருந்தும் தழும்பே இல்லாதவரையும், கிரேடு 1 என்று அலட்சியமாக விட்டு சிரோசிஸோடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ரத்த ரிப்போர்ட்டில், ஈரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் என்சைம்களான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 52. ரத்தம் உறைய வைக்கும் பிளேட்லெட் 2.1 லட்சம், கணக்கில் ஆயிரத்தில் 210. இதை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு, செல்போன் கால்குலேட்டரே போதும். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்கள்: 43 பெருக்கல் 38, 1634. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 7.2, அதைப் பிளேட்லெட் 210ஆல் பெருக்கினால் சுமார் 1514. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.08 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே போனால்தான் பெரிய கவலை. நீங்கள் கீழே இருக்கிறீர்கள்.

வேறொருவராக இருந்தால் இதோடு விட்டிருப்பேன். உங்களை விடமாட்டேன். கொழுப்பு ஈரலால் சிரோசிஸ் வந்தவர்களின் பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகளுக்கு முற்றிய தழும்பு அபாயம் மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்கு என்று 2017இல் சான் டியேகோ ஆய்வு ஒன்று சொன்னது. உங்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 வேறு, அது சர்க்கரை நோயின் வாசற்படி. அதனால் ஈரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுங்கள். வலி கிடையாது, விலாவில் தட்டுகிற மாதிரி இருக்கும், மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். அதில் வரும் எண் 8க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 12க்கு மேலே என்றால் ஈரல் மருத்துவரிடம் உடனே. நடுவில் வந்தாலும் அவரையே பாருங்கள். கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்பாவின் பழைய ஃபைலில் அது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

பொடியும் மாத்திரையும்

நிறுத்த வேண்டியதைச் சாப்பிடுகிறீர்கள், சாப்பிட வேண்டியதை நிறுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய டப்பா படத்தில் சீந்தில், கிரீன் டீ சாறு, மிளகுச்சாறு சேர்த்த மஞ்சள், கீழாநெல்லி என்று போட்டிருக்கிறது. சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்களே எழுதினார்கள். கிரீன் டீ சாற்றுக்கும் மிளகு சேர்த்த மஞ்சளுக்கும் இதே கதை வெளிநாட்டில் பதிவாகியிருக்கிறது. கீழாநெல்லி பாவம், மற்றவற்றோடு சேர்த்துத் திட்ட மனம் வரவில்லை. 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதை ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்து லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது, ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. அதுவும் வைரஸுக்கு, கொழுப்புக்கு இல்லை. டப்பாவை மூடிவிட்டு ஒரு மாதம் கழித்து எஸ்ஜிபிடியை மறுபடி பாருங்கள், குறைந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின், கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. கொழுப்பு ஈரல்காரர்களை அதிகமாகக் கொண்டுபோவது மாரடைப்பு, ஈரல் அதற்கு அப்புறம்தான். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள்.

68 கிலோ

நம் நாட்டு அளவுகோலில் பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை, உங்களுடையது 28ஐ ஒட்டியிருக்கிறது. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பயாப்ஸி எடுத்தே பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில்தான் அழற்சி அதிகம் பேருக்கு அடங்கியது, தழும்புகூடப் பலருக்குப் பின்வாங்கியது. ஐந்து சதவீதத்திலேயே கொழுப்பு இறங்கத் தொடங்கும். உங்களுக்குப் பத்து சதவீதம் என்பது ஆறே முக்கால் கிலோ. ஒரே மாதத்தில் இல்லை, ஒரு வருடத்தில்.

எங்கிருந்து குறைப்பது என்பதற்கு உங்கள் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். எண்ணெயைப் பற்றி ஒரு பக்கம் கவலைப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சாயங்காலம் பாக்கெட் ஜூஸ் 'உடம்புக்கு நல்லது என்று'. மதியம் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் பொரியல் பொட்டு வைத்த மாதிரி. ஜூஸை நிறுத்துங்கள், டீச் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், தட்டில் சோறும் பொரியலும் இடம் மாறட்டும், பருப்போ முட்டையோ மீனோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டீக்குப் பதில் சர்க்கரையில்லாத காப்பி பிடிக்குமென்றால் குடியுங்கள், காப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கும்பகோணம் டிகிரி காப்பியைச் சர்க்கரையில்லாமல் குடி என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நடையை மட்டும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், 'ஜீனிலேயே இருக்கும்போது நடந்து என்ன ஆகப்போகிறது' என்று. எடிட்டர் தடுமாறுவது கொழுப்பால் என்று மேலே சொன்னேன் அல்லவா, நடக்கும்போது எரிவது அந்தக் கொழுப்புதான்.

மகளும் தம்பியும்

மகளுக்கு உங்களிடமிருந்து பிஎன்பிஎல்ஏ3 ஆபத்து எழுத்து ஒரு பிரதி நிச்சயம் போயிருக்கும், அதைத் தெரிந்துகொள்ள டெஸ்ட் தேவையே இல்லை. அது நோய் கிடையாது, நம் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கிற சாதாரண வகை, கல்யாணத் தரகரிடம் அறிவிக்க வேண்டிய விஷயமும் இல்லை. அவருக்கு 19 வயது, தன் மரபணுவைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது. நீங்கள் எச்சில் வாங்கி அனுப்புவது சரியில்லை. அவர் எடை, இடுப்பளவு, வருடம் ஒரு சர்க்கரைப் பரிசோதனை, இவற்றில் கண் வைத்தால் போதும். உங்களைப் பொறுத்தவரை ஒன்று: மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது விண்ணப்பத்தில் ஈரல் பற்றிக் கேட்டால் ஃபேட்டி லிவர் இருப்பதை எழுதிவிடுங்கள். மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது அதையே காட்டித் தள்ளிவிடுவார்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது, நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன தம்பி. அதே அப்பா, அதே அம்மா. பிஎன்பிஎல்ஏ3 ஆபத்து எழுத்து இரண்டும் அவரிடமும் இருக்கலாம், உங்களைக் காக்கிற அந்த ஸ்பிளைஸ் எழுத்து அவரிடம் இல்லாமலும் இருக்கலாம். அந்த எழுத்தோடு குடி சேரும்போது ஈரல் கெடும் வேகம் தனிக் குடியைவிடக் கூடுதல். 'வார இறுதியில் கொஞ்சம்' என்பதற்கு அளவு அவருக்குத்தான் தெரியும். அவருக்கும் ஜீன் டெஸ்ட் வேண்டாம். அப்பா எதனால் போனார் என்பதை உட்கார வைத்துச் சொல்லுங்கள், இந்தக் குடும்பத்து ஈரலுக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். அக்கா புத்தி சொல்கிறாள் என்று எழுந்து போய்விடுவார் என்றால் வாதம் பண்ணாதீர்கள், ஃபைப்ரோஸ்கேனுக்கு நான் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்று கூப்பிடுங்கள். காலையில் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு கிளம்புங்கள், அங்கே போனதும் இரண்டு டோக்கன் வாங்கிவிடுங்கள்.